ஐ.பி. (திவால் மனு) போடுவதற்கு முன்னால் யாரைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் மும்பை தாராவியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். என் வீட்டுக்காரர் தோல் பை தைக்கும் காலா (சின்னப் பட்டறை) ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார். பெரிய ஆர்டர் ஒன்றுக்குச் சரக்கு அனுப்பி, பணம் வராமல் போனதில் எல்லாம் சரிந்துவிட்டது. இப்போது மொத்தக் கடன் 31 லட்சம். கல்யாணில் இருக்கும் ஃப்ளாட்டுக்கு வீட்டுக்கடன் பாக்கி 14 லட்சம் (ஃப்ளாட்டும் கடனும் எங்கள் இருவர் பெயரிலும், இன்று விற்றால் 25 லட்சம் போகும் என்கிறார்கள்). அவர் பெயரில் பெர்சனல் லோன் 8 லட்சம், அதற்கு என் தம்பி ஜாமீன். கிரெடிட் கார்டு 3 லட்சத்து 20 ஆயிரம். கந்து வட்டிக்காரரிடம் நூற்றுக்கு ஐந்து வட்டியில் 4 லட்சம்; அவரிடம் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக் ஐந்து இருக்கிறது. மொபைல் ஆப் கடன் 60 ஆயிரம். ஜிஎஸ்டி பாக்கி 1 லட்சத்து 20 ஆயிரம்.

கோர்ட் பக்கம் ஒரு ஏஜென்ட், 75 ஆயிரம் கொடுத்தால் ஐ.பி. போட்டுத் தருகிறேன், மனுவுக்கு நம்பர் விழுந்த மறுநாளே எல்லாக் கடனும் ரத்து என்கிறார். அதற்கு முன் ஃப்ளாட்டை என் அம்மா பெயருக்கு மாற்றிவிடச் சொல்கிறார். வசூல் ஆட்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து, போலீஸில் பிடித்துக் கொடுப்போம் என்று கத்துகிறார்கள். நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது, பணத்துக்கு எங்கே போவது, திவால் ஆன பிறகு அவர் தொழில் செய்ய முடியுமா? வட்டிக்காரரின் வக்கீலிடமிருந்து போன வாரம் செக் திரும்பியதாக ஒரு நோட்டீஸும் வந்திருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நோட்டீஸைத்தான் நான் முதலில் கையில் எடுப்பேன். மற்ற எல்லாவற்றுக்கும் சில வாரங்கள் அவகாசம் இருக்கிறது. இதற்கு இல்லை.

செக் திரும்பிய விஷயம் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வருகிறது. நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வட்டிக்காரர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், குற்ற வழக்காக மாறும் நிலையில் இப்போது இருப்பது இது ஒன்றுதான். இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. ஐ.பி. போட்டாலும் இந்த வழக்கு நிற்காது. கையெழுத்து உங்கள் வீட்டுக்காரருடையதுதான் என்று ஆகிவிட்டால், செக்கை நிரப்பியது யாராக இருந்தாலும், கடன் இருக்கிறது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் தரப்பு. ஆகவே நோட்டீஸ் வந்த கவரைத் தூக்கிப் போடாமல், தபால் முத்திரைத் தேதியோடு வைத்துக்கொண்டு, 15 நாள் முடிவதற்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள்.

அந்தப் பதிலில் என்ன எழுதுவது என்பதுதான் வக்கீலின் வேலை. மகாராஷ்டிராவில் வட்டிக்கு விடுவதற்கு லைசென்ஸ் வேண்டும். 2014ஆம் ஆண்டின் வட்டித் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடம் இருக்கிறது. நூற்றுக்கு ஐந்து என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். இந்த மனிதரிடம் லைசென்ஸ் இருக்கிறதா, இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள், மீதி நான்கு செக் எங்கே என்பதெல்லாம் பதிலில் வர வேண்டும். வீட்டுக்காரர் ஜிபேயில் அனுப்பிய வட்டி, கையில் கொடுத்ததற்கு டைரியில் எழுதிய கணக்கு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். வட்டிக்காரரோடு வாய்ச்சண்டை வேண்டாம். "கொடுத்துடறோம் அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதுவதும் வேண்டாம்; அதுவே நாளை சாட்சியாகும்.

இனி அந்த ஏஜென்ட். அவருக்கு 75 ஆயிரம் கொடுக்காதீர்கள். 5 ஆயிரம் அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள். கோர்ட் வாசலில் நின்று கேஸ் பிடிக்கும் வேலையை இந்திய பார் கவுன்சில் விதிகள் வக்கீலுக்கே தடை செய்கின்றன. வக்கீல் தனக்காக ஆள் வைத்துப் பிடிப்பதும் தப்பு. ஜெயித்தால் இத்தனை என்று பேரம் பேசி ஃபீஸ் வாங்குவதும் தப்பு. ஆனால் இந்த ஆள் விதியை மீறுகிறார் என்பதைவிட, அவர் சொல்வது பொய் என்பதுதான் எனக்குக் கோபம். அவர் சொன்னபடியே ஐ.பி. போட்டதாக வைத்துக்கொண்டு உங்கள் 31 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள்.

வீட்டுக்கடன் 14 லட்சம் அடமானக் கடன். அடமானம் வைத்திருக்கும் வங்கியின் உரிமையைத் திவால் ஆணை தொடாது. தவணை நின்றால், அடமானச் சொத்தை வங்கி எடுக்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து ஃப்ளாட்டை எடுக்கலாம். அவர் திவால் ஆனாலும் எடுக்கலாம். அந்தக் கடனில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பதால் உங்களையும் கேட்கலாம். ஜிஎஸ்டி பாக்கி அரசுக்குச் சேர வேண்டியது. கடைசியில் கோர்ட் கடனிலிருந்து விடுவிப்பு ஆணை கொடுத்தாலும் அரசுக் கடன் அதில் போகாது. பெர்சனல் லோன் 8 லட்சம் உங்கள் வீட்டுக்காரர் கணக்கிலிருந்து போகலாம், ஆனால் ஜாமீன் போட்டவரை அந்த ஆணை விடுவிக்காது. வங்கி நேராக உங்கள் தம்பி வீட்டுக்குப் போகும். செக் வழக்கு எப்படியும் நடக்கும். ஆக, எந்தச் சிக்கலும் இல்லாமல் நிஜமாகவே விலகுவது கிரெடிட் கார்டும் ஆப் கடனும் மட்டும்தான், 3 லட்சத்து 80 ஆயிரம். அதுவும் மறுநாள் இல்லை, பல கட்டம் தாண்டிய பிறகு.

ஃப்ளாட்டை அம்மா பெயருக்கு மாற்றும் யோசனைதான் எல்லாவற்றிலும் ஆபத்து. அடமானத்தில் இருக்கும் வீட்டை வங்கிக்குத் தெரியாமல் மாற்றக் கூடாது என்பது ஒரு பக்கம். காசு வாங்காமல் சொந்தக்காரர் பெயருக்குச் சொத்தை மாற்றி, அதன்பின் இரண்டு ஆண்டுக்குள் ஒருவர் திவாலாக அறிவிக்கப்பட்டால், அந்த மாற்றம் செல்லாது. சொத்தை மறைத்ததாகக் கோர்ட் கருதினால் உங்கள் வீட்டுக்காரர் மேல் தனியாகக் குற்ற நடவடிக்கை வரும். இன்று அவர் தொழிலில் நொடித்துப்போன நேர்மையான மனிதர். பத்திரத்தில் அந்த ஒரு கையெழுத்து விழுந்தால் நாளை கோர்ட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. கடனாளிக்கு இந்தச் சட்டத்தில் இருக்கும் ஒரே பலம், நான் எதையும் ஒளிக்கவில்லை என்று சொல்ல முடிவதுதான். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

சட்டம் எது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வக்கீலைச் சோதிக்க இது உதவும். 2016இல் வந்த திவால் சட்டத்தைப் பற்றித்தான் செய்தியில் அடிக்கடி கேட்கிறோம். அதில் தனிநபருக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. சின்னக் கடனாளிகளுக்குப் புதுத் தொடக்கம் என்று ஒரு வழிகூட எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பகுதி 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் அமலுக்கு வந்தது. உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆட்களுக்கு இன்னும் பழைய சட்டம்தான். மும்பை, சென்னை, கொல்கத்தாவுக்கு 1909ஆம் ஆண்டு மாகாணத் தலைநகர் திவால் சட்டம். நீங்கள் குடியிருப்பதும் தொழில் செய்வதும் தாராவி என்பதால் மனு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் போகும். தானே, கல்யாண் பக்கம் குடியிருந்து தொழிலும் அங்கேயே என்றால் 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டக் கோர்ட். பேசப் போகும் வக்கீல் "கம்பெனி லா டிரிப்யூனலில் போட்டுவிடலாம்" என்றால், அவருக்கு இந்த வேலை பழக்கமில்லை என்று புரிந்துகொண்டு மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள்.

மனு போட்டால் என்ன நடக்கும் என்று ஏஜென்ட் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். கடனைக் கட்ட முடியவில்லை என்று அவர் சத்தியப் பிரமாணத்தோடு மனு கொடுக்க வேண்டும். கோர்ட் திருப்தியடைந்தால் திவாலானவர் என்று ஆணை போடும். அது அரசிதழில் பெயர், முகவரியோடு வரும். அந்த நிமிடத்திலிருந்து அவருடைய சொத்து அஃபிஷியல் அசைனி என்ற கோர்ட் அதிகாரியின் கைக்குப் போய்விடும். 30 நாளுக்குள் யாருக்கு எவ்வளவு பாக்கி, என்ன சொத்து, கணக்குப் புத்தகம் எங்கே என்று முழு அட்டவணை கொடுக்க வேண்டும். கைதிலிருந்து பாதுகாப்பு ஆணை தானாக வராது. அட்டவணை கொடுத்த பிறகு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டில் அவரைக் கேள்வி கேட்கலாம். இதெல்லாம் முடிந்து விடுவிப்புக்கு மனு போட்டு, அதைக் கோர்ட் ஏற்றால்தான் பழைய கடன்கள் விலகும். விடுவிப்பைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கட்ட முடியாது என்று தெரிந்த பிறகும் புதிதாகக் கடன் வாங்கியிருந்தால் அது அவருக்கு எதிராக எழுதப்படும். அதனால் இன்றிலிருந்து ஒரு ரூபாய் புதுக் கடன் வேண்டாம். ஒரு ஆப் கடனை அடைக்க இன்னொரு ஆப் என்ற பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியக் கேள்வி, வக்கீல். எல்லோரும் மனு போட்டுத் தரும் வக்கீலைத் தேடுகிறார்கள். அதற்கு ஒரு படி முன்னால், கடன் காகிதங்கள் முழுவதையும் பார்த்து, மனு போட வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் வக்கீல் உங்களுக்குத் தேவை. போட வேண்டாம் என்று சொல்லவும் துணிகிறவர் வேண்டும். உங்கள் கணக்கைப் பார்த்தவரை எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கிறது. 25 லட்சத்துக்கு ஃப்ளாட் போனால் வங்கிக்கு 14 லட்சம் போக 11 லட்சம் மிஞ்சும். அதில் பாதி உங்கள் பங்கு, பாதி அவர் பங்கு. வங்கி ஏலத்தில் போகும் விலையும் நாமே ஆள் பார்த்து விற்கும் விலையும் ஒன்றாக இருக்காது. வங்கியிடம் எழுதிக் கொடுத்து, சந்தை விலைக்கு வெளியாளிடம் வெளிப்படையாக விற்று, வீட்டுக்கடனை முடித்து, மீதியை வைத்து ஜிஎஸ்டியைக் கட்டி, பெர்சனல் லோனுக்கும் கார்டுக்கும் ஒரே தவணையில் செட்டில்மென்ட் பேசினால், ஐ.பி. இல்லாமலேயே பெரும்பகுதி முடிய வழி இருக்கிறது. ஆனால் எந்தப் பணம் யாருக்கு முதலில் என்பதை வக்கீலைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். தம்பி ஜாமீன் என்பதற்காக அந்தக் கடனை மட்டும் முழுசாக அடைத்துவிட்டு மூன்று மாதத்துக்குள் ஐ.பி. போட்டால், ஒருவருக்குச் சலுகை காட்டியதாக அப்படிக் கொடுத்ததையே கோர்ட் ரத்து செய்யலாம்.

இந்த இடத்தில் இன்னொன்று சொல்லியாக வேண்டும், சகோதரி. நீங்கள் இதுவரை உங்கள் வீட்டுக்காரருக்காகவே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்று ஒரு வரி இல்லை. ஃப்ளாட்டில் பாதி உங்களுடையது. அவருடைய பெர்சனல் லோனுக்கும் கார்டுக்கும் கந்து வட்டிக்கும் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்றால், மனைவி என்பதற்காக உங்களை யாரும் கேட்க முடியாது. உங்கள் பாதியை அவர் கடனுக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. குடும்பம் என்றால் பல பெண்கள் கொடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் தெரிந்து கொடுங்கள். அவருக்காக வாதாடும் வக்கீல் அவர் நலத்தைத்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். உங்கள் பங்கைப் பற்றி உங்களிடம் பேச உங்களுக்கென்று ஒரு வக்கீல் வேண்டும்.

அதற்குக் காசு வேண்டாம் என்பதுதான் நல்ல செய்தி. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்பு கிடையாது. மாதம் எவ்வளவு வந்தாலும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அப்படியே. உங்கள் வீட்டுக்காரர் இவற்றில் எதிலும் வராவிட்டால், மாநில அரசு வைத்திருக்கும் வருமான வரம்புக்குள் வருகிறாரா என்று பார்ப்பார்கள். தொழில் படுத்திருக்கும் நிலையில் வரக்கூடும். வருமானச் சான்றிதழ் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று சொல்வார்கள். செக் வழக்கு, வங்கி விவகாரம் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம், ஐ.பி. வரைக்கும் போனால் உயர் நீதிமன்றத்திலேயே தனியாகச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. நியமிக்கப்படும் வக்கீலுக்கு ஆணையமே ஃபீஸ் கொடுக்கும். அவர் உங்களிடம் தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், ஆணையத்தின் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று செய்வார் என்ற பேச்சு நம் ஆட்களிடம் இருக்கிறது. சரியில்லை என்றால் வேறு வக்கீல் கேட்டு மனு கொடுக்கலாம்.

காசு கொடுத்தே வக்கீல் வைப்பது என்று முடிவு செய்தால், ஊர்க்காரர், சொந்தக்காரர் என்பதற்காக வைக்காதீர்கள். தமிழ் தெரிந்தவர் கிடைத்தால் நல்லது, ஆனால் 1909 சட்டத்தில் மனு நடத்தியவரா என்பது அதைவிட முக்கியம். மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகலாம். மகாராஷ்டிரா, கோவா பார் கவுன்சிலில் அவர் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். உண்மையான வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார். ஃபீஸை மொத்தமாகப் பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: காகிதம் பார்த்து ஆலோசனை சொல்ல எவ்வளவு, நோட்டீஸுக்குப் பதில் அனுப்ப எவ்வளவு, மனு தாக்கல் செய்ய எவ்வளவு, அதன்பின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் உண்டா. ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். முடிந்தால் வங்கி வழியாகவே கொடுங்கள்.

வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் தாளில்) கையெழுத்துப் போடும்போது வழக்கின் பெயரும் கோர்ட்டின் பெயரும் அதில் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஐந்து செக்கில் போட்டதன் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறீர்கள். உயர் நீதிமன்றத்தில் மனு ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதில் எழுதியிருப்பது உண்மை என்று சத்தியம் செய்யப் போவது உங்கள் வீட்டுக்காரர். ஆகவே வரிக்கு வரி தமிழில் சொல்லக் கேட்ட பிறகுதான் அவர் பேனாவை எடுக்க வேண்டும். ஒரு கடன் விட்டுப்போயிருந்தாலும், ஊரில் அப்பா பெயரிலிருந்து வர வேண்டிய அரை சென்ட் நிலம் விட்டுப்போயிருந்தாலும், அங்கேயே நிறுத்திச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரிஜினல் பத்திரம் எதையும் வக்கீலிடம் விட்டுவர வேண்டியதில்லை, நகல் போதும். பின்னால் வக்கீலை மாற்ற நேர்ந்தால், ஃபீஸ் பாக்கி என்று சொல்லி உங்கள் கோப்பை அவர் பிடித்து வைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது.

முதல் சந்திப்புக்குப் போவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து ஒரு நோட்டில் கணக்கு எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு கடனுக்கு ஒரு பக்கம். தலைப்பில் யாரிடம் வாங்கியது. கீழே வாங்கிய தேதி, கைக்கு வந்த தொகை, இதுவரை கட்டியது, கடைசியாகக் கட்டிய தேதி, யார் யார் கையெழுத்து, என்ன அடமானம், அவர்களிடம் நம் செக் எத்தனை, அதன் எண்கள். பக்கத்துக்கு எதிரில் அந்தக் கடனின் காகிதத்தைப் பின் போட்டுவிடுங்கள். கடைசிப் பக்கங்களில் உங்களுக்கு வர வேண்டிய பணம். பணம் தராத அந்தப் பெரிய ஆர்டர்காரரை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், நான் கடக்க மாட்டேன். பில், டெலிவரி சலான், வாட்ஸ்அப்பில் அவர் சரக்கு வந்ததாகச் சொன்னது, எல்லாவற்றையும் எடுங்கள். பணம் வர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். காலக்கெடு தாண்டிவிட்டால் நல்ல வழக்கும் வீண். காலா உத்யம் (அரசின் சிறு தொழில் பதிவு) பதிவு செய்ததாக இருந்தால், சிறு தொழிலுக்கு வர வேண்டிய பாக்கியை வசூலிக்கத் தனி வழியே இருக்கிறது. வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள்.

இத்தனை காகிதத்தையும் எடுத்து வைத்து ஒரு மணி நேரம் பேசினால், வக்கீல் சொல்லும் பதிலும் தெளிவாக இருக்கும், உங்கள் மனதும் கொஞ்சம் ஆறும். கடன் எவ்வளவு என்று தெரியாமல் படுப்பதைவிடத் தெரிந்து படுப்பது மேல் என்பதை இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வசூல் ஆட்களைப் பற்றி. வங்கிக் கடனோ கார்டோ, காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மிரட்டக் கூடாது, அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்தக் கூடாது. வந்த நேரம், பேசியது, வண்டி எண் குறித்து, வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், கட்டணம் இல்லை. ஆப் கடன்காரர்கள் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் அசிங்கமாக அனுப்பினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல. போலீஸில் பிடித்துக் கொடுப்போம் என்பது மிரட்டல்தான். கோர்ட்டில் தீர்ப்பான பிறகும், கையில் பணம் இருந்தும் கட்டாமல் ஏமாற்றினால்தான் கடனுக்காகச் சிறை. வக்கில்லாமல் போனவனைச் சிறையில் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல் சொன்னது இன்றும் சட்டம். கடன் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்யவே முடியாது. தாலியையும், சமைக்கும் பாத்திரத்தையும், உடுக்கும் துணியையும் ஜப்தி செய்யச் சிவில் சட்டம் அனுமதிக்கவில்லை.

செட்டில்மென்ட் பேசும்போது லோக் அதாலத்தையும் (மக்கள் நீதிமன்றத்தையும்) நினைவில் வையுங்கள். வங்கிகள் கோர்ட்டுக்கு வராத கடன்களையும் அங்கே கொண்டுவருகின்றன. அங்கே ஆகும் முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் கட்ட முடியாத தொகைக்கு, கூட்டத்தில் வெட்கப்பட்டு, தலையாட்டிவிடாதீர்கள். பணம் கட்டியதும் பாக்கி இல்லை என்ற கடிதம் கையில் வாங்குங்கள். கடன் வரலாற்றைப் பதியும் சிபிலில் செட்டில்டு என்று பதிவாகும், சில ஆண்டு புதுக் கடன் கிடைப்பது சிரமம். உங்கள் நிலையில் அதைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை.

தம்பியிடம் இதுவரை சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்தின் தொனியில் தெரிகிறது. சொல்லிவிடுங்கள். வங்கி நோட்டீஸ் மூலம் அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. ஜாமீன் போட்டவருக்கும் கடனாளிக்கும் சட்டத்தில் ஒரே அளவு பொறுப்பு. செட்டில்மென்ட் பேச்சில் அவரும் உட்கார்ந்தால், முடிவாகும் தொகை அவரையும் சேர்த்து விடுவிக்கும்படி எழுதி வாங்கலாம்.

கடைசியாகத் தொழில். ஐ.பி. தவிர வேறு வழியே இல்லை என்று வக்கீல் சொன்னால், அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி தையல் மெஷின்கள் என்ன ஆகும் என்பது. சாதாரணக் கடன் வழக்கில் கைவினைஞரின் கருவிகளை ஜப்தி செய்ய முடியாது. ஆனால் 1909 சட்டத்தில் தொழில் கருவி, துணி, படுக்கை, பாத்திரம், மேஜை நாற்காலி எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்பு வரைதான் கடனாளிக்கு என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்து 300 ரூபாய். ஐ.பி. போட வேண்டாம் என்று நான் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். திவால் ஆணைக்குப் பிறகு அவர் கூலிக்கோ சம்பளத்துக்கோ வேலை பார்க்கத் தடை இல்லை. ஆனால் விடுவிப்பு வரும்வரை, தான் திவாலானவர் என்று சொல்லாமல் யாரிடமும் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் அது குற்றம். தோல் கடையில் பாக்கிக்குச் சரக்கு எடுப்பதும் கடன்தான். அதனால் அந்தக் காலத்தில் தோலையும் ஜிப்பையும் பார்ட்டியே கொடுத்து, இவர் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் ஜாப் ஒர்க்கை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். தாராவியில் அந்த வேலைக்கு ஆள் எப்போதும் தேடுகிறார்கள்.